டீலியா டார்பிஷர் அம்மையார்

ஒரு பெருங்கோயிலைக் காண்போர் அதனை எடுப்பித்த அரசன் யாவன் என்று வினவுவர். கல்லைச் செதுக்கிய சிற்பியின் பெயரை வினவுவார் மிகச் சிலரே. இசையுலகத்தும் இந்நிலை உண்டு. இங்கிலாந்து நாட்டிலே 1963-ஆம் ஆண்டில் தொடங்கி, 1989-இல் நின்று, 2005-இல் மீண்டும் எழுந்த டாக்டர் ஹூ என்னும் அறிவியற் புனைகதைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முகப்பிசையைக் கேளாத ஆங்கிலேயர் அரியர். அவ்விசைக்கு முதன்முதல் ஒலியுரு அளித்த கை ஒரு பெண்மணியின் கை என்பதும், ஐம்பதாண்டுக் காலம் அவர் பெயர் அந்நிகழ்ச்சியின் பெயர்ப்பட்டியலில் இடம் பெறவில்லை என்பதும் பலரும் அறியாதன. அவரே டீலியா டார்பிஷர் அம்மையார்.

சென்ற பருவத்தில் எம் வகுப்புத் தோழர் சிலர் ஒருங்கு கூடி, பொறியினால் ஆக்கப்படும் இசை இசையென்னும் பெயர்க்கு உரியதாமோ ஆகாதோ என்று நெடுநேரம் வழக்காடினோம். ஒரு முடிவும் எட்டப்படவில்லை. அவ்வழக்கு எம் உள்ளத்தை விட்டு அகலாதிருந்தபோதுதான் இவ்வம்மையாரின் வரலாற்றை யாம் கற்க நேர்ந்தது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

டீலியா அம்மையார் 1937-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள காவென்ட்ரி நகரிலே பிறந்தார். தந்தையார் உலோகத் தகட்டு வேலை செய்யும் தொழிலாளர். குடும்பம் செல்வக் குடும்பமன்று. அம்மையாருக்கு மூன்று வயது நடக்கையில், 1940-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் நாள் இரவு, ஜெர்மானிய விமானங்கள் காவென்ட்ரி நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. நகரின் நடுவிடம் எரிந்தது; பழம்பெரும் பேராலயமும் கூரையின்றிச் சுவர்மட்டும் எஞ்சி நின்றது. அதன்பின் குழந்தை டீலியா, பெற்றோரின் சொந்த ஊராகிய பிரெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்டார்.

அவ்விளம்பருவத்திலே அவர் செவியிற் புகுந்த ஒலிகள் இரண்டு. விமானத் தாக்குதலை முன்னறிவித்து ஏறியும் இறங்கியும் ஊளையிடும் அபாயச்சங்கின் ஒலி ஒன்று. இடர் நீங்கியதென்று அறிவிக்கும் ஒரே நிலையான நெட்டொலி மற்றொன்று. அவ்வொலிகள் எங்கிருந்து எழுகின்றன என்பதைக் குழந்தை அறியாது. பொருள் அறியாமலே அவற்றைக் கேட்டது. பிரெஸ்டனிலோ, விடியற்காலத்தில் ஆலைத் தொழிலாளர் மரக்காலணி அணிந்து கற்பாவிய தெருவிலே நடந்து செல்லும் ஓசை அவரை எழுப்பிற்று. மின்னொலியின்மேல் தமக்கு எழுந்த விருப்பிற்கு இவையே வித்து என்று பிற்காலத்தில் அவரே நினைவு கூர்ந்தார். பிறருக்கு அச்சம் விளைத்த ஓசை ஒரு குழந்தையின் உள்ளத்திலே இசையாய் வேரூன்றியது வியப்பன்றோ!

வீட்டில் நூல்கள் மிகுதியாக இல்லை. வானொலிப் பெட்டியே அவருக்கு ஆசானாய் அமைந்தது. நான்கு வயதிலேயே உடன்பயிலும் பிள்ளைகளுக்கு எழுத்தும் படிப்பும் கற்பிக்கும் திறம் பெற்றிருந்தார் என்பர். எட்டு வயதில் பெற்றோர் ஒரு பியானோ வாங்கித் தந்தனர். காவென்ட்ரியிலுள்ள பார்ஸ் ஹில் பள்ளியிற் பயின்று, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் இடம் பெற்றார். தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணொருத்தி அக்காலத்தில் இவ்விரண்டிலும் ஏற்கப்படுவது எளிதன்று. 1956-இல் கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியிலே கணிதம் பயில உதவிச்சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். ஓராண்டின் பின் இசைத் துறைக்கு மாறினார். 1959-இல் கணிதமும் இசையுமாகப் பட்டம் பெற்றார். எண்ணும் பண்ணும் அவரிடத்தே இரு துறைகளாகப் பிரிந்து நில்லாமல் ஒன்றாயின. அவர்தம் பிற்காலப் பணி அனைத்தும் இவ்விணைப்பிலிருந்தே கிளைத்தது.

பட்டம் பெற்ற பின், டெக்கா என்னும் இசைத்தட்டு நிறுவனத்திலே ஒலிப்பதிவுப் பணியை நாடிச் சென்றார். ஒலிப்பதிவுக் கூடங்களிலே பெண்களை அமர்த்தும் வழக்கம் தம்பால் இல்லையென்று அந்நிறுவனத்தார் மறுத்தனர். அவருடைய கல்வியில் குறை கண்டாரல்லர்; செவித்திறனை ஆய்ந்தாருமல்லர்; பெண் என்பதொன்றே காரணமாயிற்று. அம்மையார் ஜெனீவா நகருக்குச் சென்று தூதர்களின் பிள்ளைகளுக்குக் கணிதமும் பியானோவும் கற்பித்தார்; திரும்பி வந்து காவென்ட்ரியில் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்தார்; இலண்டனில் இசைநூல் வெளியீட்டகம் ஒன்றிலும் சில திங்கள் பணியாற்றினார். 1960-ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. என வழங்கும் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்திலே, பயிற்சி பெறும் உதவி நிலையப் பொறுப்பாளராக அமர்ந்தார்.

அக்கழகத்தில் ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்றொரு சிறு பிரிவு இருந்தது. நாடகங்களுக்கும் கல்வி நிகழ்ச்சிகளுக்கும் இயல்பான வாத்தியங்களால் எழுப்ப இயலாத ஒலிகளை ஆக்கித் தருவதற்கென, டாப்னி ஓரம் அம்மையாரும் டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்பாரும் 1958-இல் அதனை நிறுவினர். இலண்டன் மேடா வேல் பகுதியிலே, முற்காலத்தில் சக்கரக்காலணி அணிந்து சறுக்கி விளையாடும் அரங்கமாயிருந்த கட்டிடத்தில் அப்பட்டறை அமைந்திருந்தது. பிறர் மேலிடத்தின் ஆணையால் அங்குச் செல்வதுண்டு. தாமே விரும்பிக் கேட்பது அரிது. டீலியா அம்மையார் விரும்பிக் கேட்டார், மேலோர் வியந்தனர். 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே புகுந்த அவர், பதினோராண்டு இருந்து, ஏறத்தாழ இருநூறு வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இசையும் ஒலியும் ஆக்கியளித்தார்.

அவற்றுள் தலைசிறந்தது 1963-இல் அமைந்தது. டாக்டர் ஹூ என்னும் புதிய நிகழ்ச்சிக்கு முகப்பிசை வேண்டுமென அதன் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் அம்மையார் கருதினார். ரான் கிரெய்னர் என்னும் இசைப்புலவர் மெட்டினை அமைத்து, ஒரே தாளில் அடங்குமாறு எழுதித் தந்தார். எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று அவர் வரையறுக்கவில்லை. காற்று என்றும், முகில் என்றும், குமிழி என்றும் குறிப்புச் சொற்களே அதில் இருந்தன. அவற்றை ஒலியாக்கும் கடமை டீலியா அம்மையாரைச் சார்ந்தது. டிக் மில்ஸ் என்பார் அவருக்குத் துணையாயிருந்தார்.

இங்கே நம் வாசகர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். விசைப்பலகையில் விரல் வைத்த அளவிலே விரும்பிய ஒலியை எழுப்பும் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி அப்பட்டறையில் அன்று இல்லை. அமெரிக்க நாட்டிலே ராபர்ட் மூக் என்பார் தம் புகழ்பெற்ற கருவியை உலகிற்குக் காட்டியது மறு ஆண்டாகிய 1964-இலேயாம். அம்மையாரிடம் இருந்தவை யாவை? வானொலிப் பொறியாளர் கருவிகளைச் சோதித்தற்கென வைத்திருந்த ஆசிலேட்டர் என்னும் அலையெழுப்பிகள் சில, எல்லாச் சுருதிகளும் ஒருங்கே கலந்த வெள்ளிரைச்சலை எழுப்பும் பொறி, மீட்டத்தக்க ஒற்றைத் தந்தி, ஒலிநாடாப் பொறிகள், கூரிய கத்தி, ஒட்டுநாடா. இவ்வளவே.

தந்தியை ஒருமுறை மீட்டி நாடாவிலே பதிந்து கொள்வர். அந்நாடாவை இருமடங்கு விரைவில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். பாதி விரைவில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி தாழும். இடைப்பட்ட சுரங்களுக்கு இடைப்பட்ட விரைவுகளைக் கணக்கிடல் வேண்டும். இங்ஙனம் ஒரே மீட்டொலியிலிருந்து வேண்டிய சுரங்கள் எல்லாவற்றையும் பிறப்பித்தார். இனிக் காலவளவு. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை நொடி நிற்கும் சுரத்திற்கு ஏழரை அங்குலம் வேண்டும். கால் நொடிச் சுரத்திற்கு மூன்றே முக்கால் அங்குலம். தாளம் என்பது அங்கே கோலால் அளக்கத்தக்க நீளமாயிற்று. ஒவ்வொரு சுரத்தையும் அளந்து, அறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினர். தாழ்ந்த சுருதியிலே துள்ளியோடும் ஒலிவரிசை இங்ஙனமே அமைந்தது. அதன்மேல் ஊளையிட்டு எழும் மெட்டோ, அலையெழுப்பிகளின் சுருதியைக் காலங்கணித்துக் கையினால் திருகித் திருகி ஆக்கப்பட்டது.

பல ஒலிகளை ஒரே நாடாவில் அடுத்தடுத்த சுவடுகளாகப் பதியும் பொறி அங்கே இல்லாமையால், ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நாடாவாயிருந்தது. பொறிகள் பலவற்றை ஒரே கணத்தில் முடுக்கி, எழும் ஒலிகளை வேறொரு நாடாவிலே ஒன்று கூட்டினர். ஒரு முறை எங்கோ ஓரிடத்தில் ஒலி இசையாது பிழைத்தது; எவ்விடம் என்று செவிக்குப் புலப்படவில்லை. அவர்கள் நாடாக்களைக் கட்டிடத்தின் நீண்ட நடைவழியிலே கொண்டுபோய், பக்கம் பக்கமாக விரித்து, ஒட்டிய இடங்களை ஒன்றோடொன்று ஒப்பு நோக்கி நடந்தனர். ஓரிடத்து ஒட்டு ஒத்து நில்லாமை கண்டு பிழையைத் திருத்தினர். செவி கண்டறியாததைக் கண் கண்டறிந்தது.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், தாம் எழுதியதுதானா இது என்று ஐயுறும் அளவிற்கு வியப்படைந்தார். அவர் நேர்மையாளர், ஆதலின் இசையமைத்த பெயரிலும் ஊதியத்திலும் அம்மையாருக்குப் பங்கு தர முன்வந்தார். கழகத்தின் விதி அதற்கு இடங்கொடுக்கவில்லை. பட்டறையினர் மாதச்சம்பளம் பெறும் ஊழியர். அவர் ஆக்குவன பட்டறையின் பெயராலேயே வெளிவரும். தனியொருவர் பெயர் தோன்றாது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் நாள் நிகழ்ச்சி முதன்முறை ஒளிபரப்பாயிற்று. மெட்டிற்குரியவர் கிரெய்னர் என்று அறியப்பட்டார். ஒலிக்குரியவர் ஒரு பட்டறை என்று அறியப்பட்டார்.

நடுநிலையோடு நோக்குங்கால் அவ்விதிக்கும் ஒரு காரணம் இருந்ததென்பதை ஒப்புதல் வேண்டும். பலர் கூடிச் செய்யும் பணியிலே ஒருவர் பெயரைமட்டும் எடுத்துக் கூறுதல் ஏனையோர்க்கு இழைக்கும் அநீதியாகலாம். எனினும், பெயரில்லாமை எல்லாரையும் ஒப்ப வருத்துவதில்லை. முன்னரே ஒரு வாயில் பெண் என்பதால் அடைக்கப்பட்ட ஒருவர்க்கு, திறந்த வாயிலிலும் பெயர் மறைக்கப்படுமாயின் எஞ்சுவது யாது?

அம்மையார் சோர்ந்தாரில்லை. 1964-லும் 1965-லும் பாரி பெர்மாஞ்ச் என்பாரோடு இணைந்து நான்கு வானொலி ஆக்கங்களைப் படைத்தார். எளிய மக்கள் தம் கனவுகளைப் பற்றியும், கடவுளைப் பற்றியும், மறுமையைப் பற்றியும், முதுமையைப் பற்றியும் பேசிய சொற்களைப் பதிந்து, அறுத்துக் கோத்து, அவற்றின் கீழே மின்னொலியை மென்மையாய்ப் பரப்பினார். அவற்றுள் கடவுளைப் பற்றியது ஆமோர் டேயி என்னும் இலத்தீன் பெயருடையது. நம்புவோர் சொல்லும் ஐயுறுவோர் சொல்லும் அதில் அருகருகே ஒலிக்கின்றன. பொறிகளின் நடுவே மனிதக் குரலுக்கு அவர் அளித்த மதிப்பினை இவ்வாக்கங்கள் காட்டும்.

1967-இல் சகாரா பாலைநிலத்து டுவாரெக் மக்களைப் பற்றிய தொலைக்காட்சிப் படமொன்றிற்கு அவர் இசையமைத்த வகையும் அறியத்தக்கது. பட்டறையிலே பழைய பச்சைநிற உலோக விளக்குமூடி ஒன்று கிடந்தது. அதனைத் தட்டினால் இனிய மணியொலி எழும். அவ்வொலியைப் பதிந்து, தட்டும் முதற்கணத்தை அறுத்தெறிந்து, எஞ்சிய ஒலியில் அடங்கிய மேற்சுரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றை மீண்டும் கூட்டி, மணலும் வெயிலும் தோன்றும் ஓர் இசையை எழுப்பினார். பிறர் விளக்குமூடி கண்ட இடத்தில் அவர் ஒரு வாத்தியம் கண்டார்.

கழகப் பணியோடு வெளிப்பணியும் செய்தார். உடன்பணியாளர் பிரயன் ஹாட்ஜ்சன், பொறியறிஞர் பீட்டர் ஜினோவியெஃப் ஆகியோரோடு 1966-இல் யூனிட் டெல்டா பிளஸ் என்னும் குழுவை அமைத்தார். டேவிட் வோர்ஹவுஸ் என்பாரும் ஹாட்ஜ்சனும் உடனிருக்க, ஒயிட் நாய்ஸ் என்னும் பெயரால் 1969-இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். இசைத் தொகுப்பகம் ஒன்றிற்கு லீ டி லா ரூஸ் என்னும் புனைபெயரில் சில ஆக்கங்களை அளித்தார். அவ்வாக்கங்கள் பின்னர், டாக்டர் ஹூவுக்குப் போட்டியாக வேறொரு தொலைக்காட்சி அமைப்பு வெளியிட்ட டைம்ஸ்லிப், டுமாரோ பீப்பிள் என்னும் அறிவியற் புனைகதை நிகழ்ச்சிகளிலே ஒலித்தன. ஒரு நிகழ்ச்சியில் பெயரின்றியும், அதன் போட்டி நிகழ்ச்சிகளில் மாற்றுப் பெயரோடும் ஒருவரே ஒலித்தமை விந்தையே.

நிற்க. காலம் மாறிற்று. ஜினோவியெஃபின் நிறுவனம் 1969-இல் வி.சி.எஸ். 3 என்னும் சிறு சிந்தசைசரை வெளியிட்டது. அடுத்து, சுவரளவு பெரிய சிந்தி 100 என்னும் கருவியை ஆக்கிற்று. பட்டறை அதனை வாங்கி, தான் இருந்த தெருவின் பெயரால் டெலவேர் என்று பெயரிட்டது. 1972-இல் டாக்டர் ஹூவின் கடற்பேய்க் கதைக்கு மால்கம் கிளார்க் என்பார் அக்கருவியால் இசையமைத்தார். அவ்வாண்டிலேயே பழைய முகப்பிசையையும் அக்கருவியில் புதிதாக ஆக்குவது என்று முடிவாயிற்று. ஹாட்ஜ்சன், பாடி கிங்ஸ்லண்ட் ஆகியோருடன் டீலியா அம்மையாரும் அப்பணியில் ஈடுபட்டார். கருவி புதிது, விலை பெரிது, வேலையோ எளிது. ஆயினும் பிறந்த இசை எவர்க்கும் நிறைவளிக்கவில்லை. அதனைக் கைவிட்டுப் பழைய நாடாவுக்கே மீண்டனர். வெளிநாட்டுக்குச் சென்ற சில படிகளில்மட்டும் அப்புத்திசை தவறுதலாய் ஒட்டிக்கொண்டு போயிற்று. கத்தியும் ஒட்டுநாடாவும் கொண்டு ஆக்கிய 1963-ஆம் ஆண்டின் இசை, சிறு மாற்றங்களோடு 1980 வரை வழங்கிற்று. அதன் பின்னரே பீட்டர் ஹௌவெல் என்பார் சிந்தசைசர்களால் ஆக்கிய புதிய வடிவம் அவ்விடத்தைப் பெற்றது. அவ்வடிவமும் மக்களால் விரும்பப்பட்டது என்பதை மறைத்தல் தகாது.

புதிய கருவிகளிலே அம்மையாரின் மனம் பழைய நாடாவில் நின்றதுபோல் நிற்கவில்லை. விரைவாக முடித்தல் வேண்டும் என்னும் நெருக்கமும் மிகுந்தது. ஓர் ஒலிக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் இயல்பினர்க்கு அது பொருந்துமோ? 1973-இல் கழகத்தை விட்டு விலகினார். சிறிது காலத்தில் இசைத்தொழிலையும் பெரும்பாலும் துறந்தார். வட இங்கிலாந்தில் எரிவாயுக் குழாய் பதிப்போர்க்குக் கம்பியில்லாச் செய்தி இயக்குபவராகவும், கம்பர்லண்ட் நாட்டுப்புறத்தில் லீ யுவான்-சியா என்னும் சீன ஓவியரின் கலைக்கூடத்தில் உதவியாளராகவும், புத்தகக் கடையிலும் பணியாற்றினார். பின்னர் நார்தாம்ப்டன் நகரிலே வாழ்ந்தார். மதுப்பழக்கம் அவர் உடலை நலித்தது. இதனை யாம் கூறுவது குறைகாணும் நோக்கத்தாலன்று. ஒரு வாழ்வை முழுதும் கூறுதலே அதற்குச் செய்யும் மதிப்பென்று கருதியதனாலாம்.

இறுதியாண்டுகளில் இளைஞர் சிலர் அவரைத் தேடி வந்தனர். மின்னிசையில் தம் முன்னோர் யாரென்று அவர்கள் தேடிய தேட்டம் அவரிடம் கொண்டு சேர்த்தது. அம்மையாருக்கு மீண்டும் ஊக்கம் பிறந்தது. ஆயின் காலம் இடங்கொடுக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆம் நாள், தம் 64-ஆம் வயதில், சிறுநீரகம் செயலற்று இவ்வுலக வாழ்வு நீத்தார்.

அவர் இறந்தபின், வீட்டின் மேற்பரணில் 267 ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. காலையுணவுத் தானியம் வந்த அட்டைப்பெட்டிகளிலே அவை அடைத்து வைக்கப்பட்டிருந்தன. இசையை விட்டுவிட்டார் என்று உலகம் எண்ணிய முப்பதாண்டும் அவர் தம் நாடாக்களை விட்டாரில்லை. அவை 2007-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பை அடைந்தன. 2013-ஆம் ஆண்டு நவம்பரில், டாக்டர் ஹூவின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுச் சிறப்பு நிகழ்ச்சியின் இறுதியிலே, கிரெய்னர் பெயரோடு டீலியா டார்பிஷர் என்னும் பெயரும் திரையில் முதன்முறையாகத் தோன்றிற்று. கிரெய்னர் அன்று விரும்பியது அரை நூற்றாண்டு கழித்து நிறைவேறியது. 2017-இல் பிறந்த நகரின் காவென்ட்ரி பல்கலைக்கழகம் மறைந்தவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

இனி, எம் தோழரின் வழக்கிற்கு வருவோம். பொறியால் ஆகும் இசை இசையாமோ என்பதே வினா. ஒரே பட்டறையில், ஒரே மெட்டினை, ஒரே அம்மையார் இருமுறை ஆக்க முயன்றார். எளிய கருவியால் ஆக்கியது நிலைத்தது. பெருங்கருவியால் ஆக்கியது நிலைக்கவில்லை. எட்டாண்டு கழித்து வேறொருவர் பெருங்கருவிகளால் ஆக்கியதோ நிலைத்தது. ஆகவே, இசையாவதும் ஆகாததும் கருவியின் செயலன்று. இன்ன ஒலி வேண்டும், இன்ன ஒலி வேண்டா என்று தேர்ந்து தெளியும் செவியின் செயலென்பதே எம் துணிபு. எம் தோழர் எல்லாரும் இதற்கு உடன்படுவர் என்று யாம் கூறோம்; அடுத்த வழக்கிற்கு இதனை ஒரு சான்றாக முன்வைக்கின்றோம்.

மற்றொன்றும் கூறி அமைகின்றோம். அம்மையாரின் பெயர் திரையில் தோன்றியபோது அதனைக் காண அவர் இல்லை. பட்டமளிக்கப்பட்டபோது அதனைப் பெறக் கைநீட்ட அவர் இல்லை. நம்மிடையேயும் பிறர் விழாக்களுக்கு ஒலியும் ஒளியும் அமைத்துத் திரைக்குப் பின்னே நிற்போர் பலர் உளர். அவர் பெயரை அவர் செவி கேட்கவே கூறுவது அரிய செயலன்று. அதனைக் காலத்தே செய்வோமாக.